மோட்டார் ஓடாத ஒன்பது நாள்

திருச்சுழி,
12.2.1994

மாப்பிள்ளை மாதவனுக்கு,

சௌக்கியமா என்று நான் கேட்கப்போவதில்லை, நீயும் கேட்காதே. என் தலையில் ஏழு தையல். பக்கத்துக் காட்டு இருளப்பசாமியின் மச்சினன் மண்வெட்டிக் காம்பால் போட்டான். நான் அவன் காதைக் கடித்துவிட்டேன். பாதிக் காது என் வாயோடு வந்தது, வரப்பில் துப்பினேன். உன் அக்கா என் சட்டையை இரண்டு தண்ணீர் அலசிப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டு எரித்தாள்.

காரணம் கிணறுதான். போன ஐப்பசியில் ஆழ்துளை போடுகிற போர் வண்டி நம் ஊருக்கு வந்ததே, அப்போது உன் அப்பா தன் கிழக்குக் காட்டில் ஒரு போர் போட்டார். பனை உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டது. உன் படிப்புக்கு இனிக் கவலை இல்லை என்று நானும்தான் சந்தோஷப்பட்டேன். அதே வண்டியை மறுநாள் இருளப்பசாமி மடக்கி, என் கிணற்றிலிருந்து அறுபது எட்டு வைக்கும் தூரத்தில் அவனும் ஒன்று போட்டான். அன்றிலிருந்து என் கிணறு இறங்குகிறது. முப்பது அடித் தண்ணீர் நின்ற கிணறு, மாப்பிள்ளை. இப்போது மோட்டாரைப் போட்டால் அரை மணி நேரத்தில் காற்றை இழுக்கிறது. பருத்தி காய் பிடிக்கிற நேரம்.

கேட்கப் போனேன். "பூமிக்கு அடியில நீ வேலி போட்டுருக்கியாலே? எந் தண்ணி, ஒந் தண்ணின்னு அதுல எழுதியா இருக்கு?" என்றான். அதற்குப் பிறகு நடந்ததுதான் தையலும் காதும்.

அரிவாளைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். உன் அக்கா தங்கச்செல்வி குறுக்கே நிற்கிறாள். "வெட்டுறதுக்கு முன்னால எந் தம்பிட்டக் கேளுங்க. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டரு வச்சுப் படிக்கான்ல. யாரு தண்ணிய யாரு இழுக்காகன்னு அவன் சொல்லிருவான்" என்கிறாள். சரி, கேட்கிறேன். சித்திரை வரைக்கும் பொறுப்பேன். அதற்குமேல் என்னால் ஆகாது.

சோலைச்சாமி

கோவை,
20.2.1994

மச்சானுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தயவுசெய்து அரிவாளைப் பரணில் போடுங்கள். ஒருவேளை இருளப்பசாமி மேல் தப்பே இல்லை என்றால்? மழை குறைந்ததால்கூடக் கிணறு இறங்கலாம். உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

நீங்கள் கேட்டதைச் செய்ய முடியும். கிணறு தன் இஷ்டத்துக்கு இறங்காது, ஊறாது. பக்கத்தில் ஒரு போர் இழுத்தால் இவ்வளவு நேரத்துக்கு இவ்வளவு என்று இறங்கும். இழுப்பு நின்றதும் முதலில் சுறுசுறுப்பாக ஊறி, போகப்போகச் சோர்ந்துபோகும். இதை ஒரு சூத்திரமாக எழுதலாம். இழுக்கும் வேகம், ஊறும் வேகம் இரண்டும் எத்தனை என்றுதான் நமக்குத் தெரியாது. நீங்கள் அளந்து அனுப்பும் எண்களை எங்கள் துறையில் இருக்கிற கம்ப்யூட்டரில் புள்ளியியல் புரோகிராமுக்குக் கொடுத்தால், அது உத்தேசமாக ஒரு கோடு போட்டுப் பார்க்கும். கோட்டுக்கும் உங்கள் புள்ளிகளுக்கும் நடுவே எவ்வளவு விலகல் மிஞ்சுகிறது என்று பார்க்கும். எண்களை மாற்றி மறுபடி போடும். இதற்குமேல் விலகலைக் குறைக்க முடியாது என்ற இடத்தில் நின்றுவிடும். அதுதான் விடை.

கயிற்றில் இரும்புக் குண்டு கட்டி, அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். எப்போதும் ஒரே கல்லில் நின்று அளக்க வேண்டும். மோட்டார் ஓட்டுகிற த்ரீபேஸ் கரண்ட் வருவதற்கு முன்னால் ஒன்று, வந்த பிறகு மணிக்கு ஒன்று, போன பிறகும் இருட்டும் வரை மணிக்கு ஒன்று. முக்கியமானது, உங்கள் மோட்டாரை இந்த ஒரு மாதமும் ஓட்டக் கூடாது. பருத்திக்குக் கஷ்டம்தான். ஆனால் நீங்களே இறைத்தால் யார் இழுத்தது என்று தெரியாது. அவர் மோட்டார் ஓடும்போது உங்கள் கிணறு என்ன ஆகிறது, அதுதான் எனக்கு வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் எனக்குக் கம்ப்யூட்டர் கிடைக்கும். அதனால் பதில் தாமதமானால் ஆத்திரப்படாதீர்கள்.

மாதவன்

திருச்சுழி,
2.4.1994

மாப்பிள்ளைக்கு,

இருபத்துநாலு நாள் அளவு இதனுடன் இருக்கிறது. நாள் ஒன்று, நாள் இரண்டு என்று வரிசையாக, சுத்தமாக எழுதியிருக்கிறேன். ஒரே கல்லில் நின்றேன். வெயிலில் முதுகுத்தோல் உரிந்துவிட்டது.

இந்த எண்களை நான் சும்மா வாங்கவில்லை. என் பருத்தியை நானே காயப்போட்டு வாங்கினேன். காய் நெல்லிக்காய் அளவுகூட இல்லை, பாதியில் வெடித்து உதிர்கிறது. அந்தப் பக்கம் அவன் காடு பச்சையாக நிற்கிறது. கிணற்றடியில் நின்று குண்டை இறக்கும்போதெல்லாம் அவன் மோட்டார்ச் சத்தம் காதில் விழும். ஒவ்வொரு முடிச்சுக்கும் அவனை ஒரு வெட்டு வெட்டினேன், மனசுக்குள்.

நடுவில் ஒரு நாள் செத்த நாயைக் கிணற்றில் போட்டுவிட்டார்கள். இறங்கி எடுத்தேன். காது போன அந்த மச்சினனை மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்பில் பிடித்து, பஸ்ஸின் ஏணியில் முகத்தை வைத்து இரண்டு தேய்த்தேன். முன்பல் விழுந்தது. ஜனம் வந்து பிரித்துவிட்டது. நாயை அவன் போடவில்லையாம், சத்தியம் செய்தான். யார் நம்புவது?

நீ சொன்னபடி செய்துவிட்டேன். இனி உன் கம்ப்யூட்டர் பேசட்டும்.

சோலைச்சாமி

கோவை,
16.4.1994

மச்சான்,

கிடைத்துவிட்டது! இன்று மத்தியானம் முழுக்க ஓட்டினேன். முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். பதினோராவது சுற்றில் கோடு வந்து உட்கார்ந்தது. நீங்களே பாருங்கள், அச்சடித்த தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். புள்ளிகள் உங்கள் அளவுகள், கோடு நம் சூத்திரம். கோடு புள்ளிகளை உரசிக்கொண்டே போகிறது. உங்கள் கிணற்றின் ஏற்ற இறக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றுநாலு பங்கை இந்தச் சூத்திரம் சொல்லிவிடுகிறது. இருளப்பசாமி மோட்டார் மணிக்கு ஒன்பதரை அங்குலம் உங்கள் கிணற்றை இழுக்கிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பேராசிரியரிடம் காட்டினேன். தோளில் தட்டி, இதை ஆய்வுக் கட்டுரையாக எழுது என்றார். நான்கு வருடத்தில் அவர் என்னைத் தட்டியது இதுதான் முதல் தடவை. உங்களால் வந்தது.

தாளை எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் மனுக் கொடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் காட்டுங்கள். இனிமேல் யாரும் உங்களை வாயால் அடக்க முடியாது. அக்காவிடமும் அப்பாவிடமும் சொல்லுங்கள்.

உங்கள் மாதவன்

மதுரை, மத்திய சிறை,
9.5.1994

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை ஜெயிலில் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும், மறைக்க என்ன இருக்கிறது.

மனுக் கொடுத்தேன். சொந்தக் காட்டில் ஒருவன் போர் போட்டால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் தாளை விரித்தேன். கோட்டைப் பார்த்துவிட்டு, "இருளப்பங்கிட்டயே காட்டிப் பேசு, சோலை" என்று நழுவிவிட்டார்கள். ஏப்ரல் இருபத்துநாலு, காலை பத்து மணி. அவன் மோட்டார் ஷெட்டுக்கே போனேன். ஒரு கையில் தாள், முதுகுக்குப் பின்னால் அரிவாள்.

"இந்தா பாருலே, கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. மணிக்கு ஒம்பதர அங்குலம் திருடுறே" என்றேன்.

"கம்ப்யூட்டருக்குச் சோறு போடுறது ஒங் குடும்பந்தானே?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே என்னை அடிக்கக் கையை ஓங்கினான். வீசினேன்.

வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அது தரையில் விழுந்து விரலை மடக்கிக்கொண்டது, மாப்பிள்ளை. நான் பார்த்தேன். இரண்டாவது வெட்டு தோளில். மூன்றாவதற்குள் அவன் பெண்சாதி சந்தனம் வந்து அவன்மேல் விழுந்துவிட்டாள், இல்லை என்றால் கழுத்துதான். மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டரை அமுக்கி நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அவள் அந்தக் கையை முந்தானையில் அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். மதுரையில் ஒட்டவைக்க முடியவில்லையாம்.

எனக்கு வருத்தம் இல்லை. என் தண்ணீரைத் திருடிய கை. கொலை முயற்சி வழக்குப் போட்டிருக்கிறார்கள். வக்கீல் ஒன்று சொல்கிறார்: நீ கோர்ட்டுக்கு வந்து, இன்ன மாதிரி இவன் பிழைப்பையே அவன் உறிஞ்சினான், கம்ப்யூட்டர் கணக்குப்படி இது உண்மை என்று சொன்னால் தண்டனை பாதியாகக் குறையுமாம். வருவாய்தானே?

சோலைச்சாமி

கோவை,
20.6.1994

மச்சானுக்கு,

உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். "விரலை மடக்கிக்கொண்டது" என்று எழுதியிருந்தீர்கள். சாப்பிட உட்கார்ந்தால் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோர்ட்டில் காட்ட அசல் அளவு நோட்டு வேண்டும் என்று வக்கீல் கேட்டதாக அக்கா அதைத் தபாலில் அனுப்பினாள். முதலில் நான் பார்த்துச் சரிசெய்து தர வேண்டுமாம். பார்த்தேன். பிப்ரவரி இருபத்தேழிலிருந்து மார்ச் முப்பத்தொன்று வரை, தேதி போட்டு, முப்பத்துமூன்று நாள் இருக்கிறது. எனக்கு நீங்கள் அனுப்பியது இருபத்துநாலு. மார்ச் பத்திலிருந்து பதினெட்டு வரை ஒன்பது நாளைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். ஓரத்தில் "அவன் மோட்டார் இல்லை" என்று எழுதியிருக்கிறது.

அது என்ன ஒன்பது நாள்? ஏன் அடித்தீர்கள்? ஏன் எனக்குச் சொல்லவில்லை? மச்சான், அளந்த அளவை ஒளிக்க யார் உங்களுக்கு உரிமை கொடுத்தது? கோபத்தில் எழுதுகிறேன். ஆனால் பதில் வேண்டும்.

மாதவன்

மதுரை, மத்திய சிறை,
1.7.1994

ஏலே மாதவா,

மாப்பிள்ளை என்று எழுத மனசு வரவில்லை. ஒளித்தேனா? உள்ளே கிடக்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

மார்ச் பத்தாம் தேதி அவன் மோட்டாரில் காயில் கம்பி எரிந்துவிட்டது. தூக்கி அருப்புக்கோட்டைக்குக் காயில் கட்டக் கொண்டுபோனான். ஒன்பது நாள் கழித்துத்தான் மாட்டினான். மோட்டாரே இல்லாத நாளை உனக்கு எதற்கு எழுதுவது? அவன் மோட்டார் ஓடும்போது என்ன ஆகிறது, அதுதான் வேண்டும் என்று நீதானே எழுதினாய்? ஊர்க்கூட்டத்தில் ஒருவன் மாடு என் காட்டை மேய்ந்தது என்று சொல்லப் போனால், மேய்ந்த நாளைத்தான் சொல்வேன். மேயாத நாளை எந்தக் கிறுக்கனாவது எண்ணிச் சொல்வானா? சொன்னால், "அப்ப மேயாத நாளும் இருக்குல்ல" என்று எதிராளி அதையே பிடித்துக்கொள்வான். நம் ஊரில் வழக்கு அப்படித்தான் சொல்வது.

அந்த ஒன்பது நாளும் கிணறு இறங்கத்தான் செய்தது. அவன் உறிஞ்சிய கொடுமை, ஊற்றுக் கண் செத்துப்போய்விட்டது, வெயிலுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டேன். நடுவில் இரண்டு நாள் மட்டும் இறங்கவில்லை, நாலு முடிச்சு ஏறிக்கூட நின்றது. அதற்கு நான் என்ன செய்ய?

கோர்ட்டுக்கு வருகிறாயா, இல்லையா? அதைச் சொல்.

சோலைச்சாமி

கோவை,
17.7.1994

மச்சான்,

இதை உட்கார்ந்து படியுங்கள்.

கிணறு ஏறி நின்ற அந்த இரண்டு நாள் மார்ச் பதினாலும் பதினைந்தும். அந்த இரண்டு நாளும் அப்பா இங்கே என் அறையில் இருந்தார். என்னைப் பார்க்க வந்திருந்தார். மோட்டார் ஷெட் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து என் ஆணியில் மாட்டினார். அவர் இல்லாமல் அந்த மோட்டாரை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள், உங்களுக்கே தெரியும்.

ஒன்பது நாளையும் சேர்த்து, இரண்டு மோட்டாரையும் போட்டு மறுபடி ஓட்டினேன். எந்தச் சனிக்கிழமையும் வராத பயம் அன்றைக்கு வந்தது. ஏழாவது சுற்றிலேயே கோடு உட்கார்ந்துவிட்டது. அப்பாவின் போர் மணிக்கு ஒன்பது அங்குலம் இழுக்கிறது. இருளப்பசாமி போர் அரை அங்குலம். அதிலும் பிழை இரண்டு அங்குலம் என்கிறது, அதாவது ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். அறுபது எட்டில் இருப்பது இழுக்கவில்லை, தொள்ளாயிரம் அடி தள்ளி இருப்பது இழுக்கிறது. அடியில் பாறை வெடித்து ஓடுகிற திசை அப்படி இருக்கும்போல.

இன்னும் இருக்கிறது. ஏப்ரலில் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன் என்று எழுதினேனே, அது என்ன என்று சொல்கிறேன். அன்றைக்கே முதலில் அப்பா மோட்டாரையும் சூத்திரத்தில் சேர்த்துத்தான் ஓட்டினேன். புரோகிராம் மறுத்துவிட்டது. நீங்கள் அனுப்பிய இருபத்துநாலு நாளிலும் த்ரீபேஸ் வந்ததும் இரண்டு மோட்டாரும் சேர்ந்து ஓடின, போனதும் சேர்ந்து நின்றன. இரண்டுக்கும் ஒரே எண்கள். எது இழுத்தது என்று பிரிக்க வழியில்லை, ஒன்றை வெளியே எடு என்று நின்றுவிட்டது. நான் எடுத்தேன். அப்பாவை எடுத்தேன். இருளப்பசாமியை எடுத்துவிட்டு அப்பாவை வைத்திருந்தாலும் அதே கோடுதான் வந்திருக்கும், அதே தொண்ணூற்றுநாலு. அது எனக்கு அன்றைக்கே தெரியும். உங்களுக்கு எழுதும்போது சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று எழுதினேன்.

நீங்கள் ஒன்பது நாளை விட்டீர்கள். அது தெரியாமல் செய்தது. நான் தெரிந்து செய்தேன். அந்த மனிதர் கையை வெட்டியது நான்தான், மச்சான். அரிவாள்தான் உங்களிடம் இருந்தது.

கோர்ட்டில் என்னால் பழைய தாளைக் காட்ட முடியாது. புதியதைக் காட்டினால் இருளப்பசாமி ஆட்கள் அப்பாவை விடமாட்டார்கள். என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

மாதவன்

மதுரை, மத்திய சிறை,
14.8.1994

மாதவா,

உன் கடிதம் வந்த அன்று நீ எதிரில் இருந்திருந்தால் குரல்வளையை நெரித்திருப்பேன். நீ இல்லாததால் சுவரில் முட்டிக்கொண்டேன். பிப்ரவரியில் தைத்த இடமே பிளந்துவிட்டது. மறுபடி தைத்துவிட்டார்கள்.

கடிதத்தை உன் அக்காவிடம் கொடுத்தேன். மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே படித்தாள். அழவில்லை. நேராக பஸ் ஏறி, ஊருக்குப் போய், கடப்பாரையை எடுத்துக்கொண்டு உன் அப்பா ஷெட்டுக்குள் போய் ஸ்டார்ட்டரையும் மீட்டரையும் தகர்த்துவிட்டாள். மாமா அவள் செவிட்டில் அறைந்திருக்கிறார். "அடிங்க. எம் புருசன் ஒரு மனுசங் கையவே வெட்டிப்போட்டு உள்ள கெடக்காரு. இந்த அடி என்னய என்ன செய்யும்?" என்று சொல்லி மறுபடி ஓங்கியிருக்கிறாள். மாமா வெளியே போய்விட்டார். போன வாரம் வந்தபோது ஒரு காது கேட்கவில்லை என்றாள். நம் கிணறு ஒன்பது நாளில் பதினோரு அடி ஏறியிருக்கிறதாம். அவளே குண்டை இறக்கி அளந்திருக்கிறாள்.

நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். நானும் சொல்கிறேன். உனக்கும் போலீசுக்கும் வக்கீலுக்கும் ஒரு பொய் சொன்னேன். இருளப்பசாமி என்னை அடிக்கக் கை ஓங்கவில்லை. சிரித்தது உண்மை. சிரித்துவிட்டு, "குடுலே அந்தத் தாள, பாப்போம். எம் மகளும் பத்தாப்புதான, அதுட்டயும் காட்டிக் கேக்குறேன். நெசமா இருந்தா ஒரு நாளு நீ, ஒரு நாளு நான்னு ஓட்டுவோம்" என்றான். வாங்கத்தான் கையை நீட்டினான். தாளைக் கொடுக்கிறதா, அரிவாளை வீசுகிறதா என்று எனக்கு ஒரு நொடி இருந்தது. தாள்தான் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டதே.

வாய்தாவுக்குப் போனபோது கோர்ட்டு வராந்தாவில் அவனைப் பார்த்தேன். சந்தனம் அவனுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் பொத்தானை விட்டுவிட்டு அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

வக்கீலிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏழு வருடமோ பத்து வருடமோ, கிடக்கிறேன். நீ எனக்காகக் கோர்ட்டுக்கு வர வேண்டாம். மாமாவை மதுரையில் அவர் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விடு, அவர் இனிமேல் ஊரில் இருக்கக் கூடாது.

அதை முடித்துவிட்டு, புதிய தாளை எடுத்துக்கொண்டு இருளப்பசாமி வீட்டுக்குப் போ. தபாலில் போடாதே. நேரில் போய், வாசலில் நின்று, இரண்டு தாளையும் அவன் முன்னால் வைத்து, எதை எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று எனக்கு எழுதியபடியே சொல். அவன் மகளுக்கும் புரிகிற மாதிரி சொல். அவன் இடது கையால் அடிப்பான். குனியாமல் நின்று வாங்கிக்கொள்.

சோலைச்சாமி